நமக்கு ஆகாதவனுக்கும் நியாயம் வேண்டுமா?

செனற்றர் எஸ். நடேசன் அவர்களை நினைந்து



கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுக்கு ஒருநாள் மாலை சென்றிருந்தேன். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்துக்குத் திருப்பலிக்குப் போன பிள்ளை திரும்பி வராத வீடு அது. சுவரில் மாலையிட்ட படம்; அதன் முன்னே சிறியதொரு விளக்கு. தேநீரை வைத்துவிட்டு அந்தத் தாய் அன்றைய பத்திரிகையை எடுத்து என்முன் விரித்தார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அடைக்கப்பட்டிருந்த ஒரு முஸ்லிம் இளைஞனுக்காகச் சட்டத்தரணிகள் சிலர் நீதிமன்றத்தில் தோன்றினர் என்று அதில் ஒரு செய்தி இருந்தது.

"சுவாமி, இவங்களுக்குப் பரிஞ்சு பேசவும் ஆள் இருக்கா? என்ட புள்ளைக்குப் பேச யார் வந்தாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. குருமடத்தில் எத்தனையோ ஆண்டுகள் அறநெறி நூல்களைப் படித்தவன்தான். ஆனால், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் முன்னே நூல் அறிவு வாய்திறக்கக் கூசுகிறது. தேநீரைக் குடித்தேன், செபித்தேன், எழுந்து வந்தேன்.

எனினும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அது அந்தத் தாய்க்கு மட்டும் உரிய கேள்வியன்று. நம் எல்லோருடைய உள்ளத்திலும் ஒருநேரம் எழுவது. நமக்குத் தீங்கு செய்தவன், அல்லது தீங்கு செய்தான் என்று நாம் நம்புகிறவன், அவனுக்கும் நியாயம் வேண்டுமா? அவனுக்காக வாதாட ஒருவர் முன்வந்தால் அவரை நாம் மதிக்க வேண்டுமா, வெறுக்க வேண்டுமா?

இதற்கு விடை தேடியபோது என் நினைவுக்கு வந்தவர், கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்தே போகக்கூடிய புதுக்கடை நீதிமன்றங்களில் ஒரு காலத்தில் நிமிர்ந்து நின்ற ஒரு மனிதர். இன்றைய இளைஞர் பலர் அவர் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அவர்தான் செனற்றர் எஸ். நடேசன் கியூ. சி. அவர்கள்.

ஆனைக்கோட்டையிலிருந்து புதுக்கடைக்கு

சோமசுந்தரம் நடேசன் 1904ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் பிறந்தவர். கொழும்பில் சட்டத்தொழில் செய்து, 1954இல் கியூ. சி. என்னும் உயர்ந்த தகுதியைப் பெற்றவர். 1947இல் செனற்சபை அமைந்த காலத்திலேயே அதில் இடம்பெற்றவர். 1971இல் அச்சபை ஒழிக்கப்பட்டபோது அவருக்கு வயது அறுபத்தேழு.

இந்த வயதில் ஒரு மனிதர் என்ன செய்வார்? தொழிலில் பெயர் எடுத்தாயிற்று. நாட்டின் உயர்ந்த சபையில் அமர்ந்தாயிற்று. இனி ஓய்வு, பேரப்பிள்ளைகள், மாலையில் கடற்கரை என்று இருந்தால் யாரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் நாம் இன்று நன்றியோடு நினைக்கும் நடேசனின் பணி பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

1971 ஏப்ரல் 5ஆம் திகதி, தென்னிலங்கையில் மக்கள் விடுதலை முன்னணியினரின் கிளர்ச்சி வெடித்தது. அரசு அதை வன்மையாக அடக்கியது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் மடிந்தார்கள். பல்லாயிரவர் சிறைகளிலும் முகாம்களிலும் அடைபட்டார்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிங்களக் கிராமங்களின் ஏழைப் பிள்ளைகள். பொலிஸ் நிலையங்களைத் தாக்கியவர்கள் அவர்களுள் இருந்தார்கள். எதுவும் அறியாமல் அகப்பட்டவர்களும் இருந்தார்கள்.

அந்த ஆண்டிலேயே கொழும்பில் சிலர் கூடிச் சிவில் உரிமைகள் இயக்கத்தை ஆரம்பித்தார்கள். சிறையிலிருப்பவன் யாராயினும், அவன் செய்ததாகச் சொல்லப்படுவது எதுவாயினும், அவன் சட்டத்தின்படி நடத்தப்பட வேண்டும் என்பது அவர்களின் நிலை. குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க பின்னாளில் இதன் தலைவராக விளங்கினார். சட்டத்தரணி சூரியா விக்கிரமசிங்க நெடுங்காலம் செயலாளராக உழைத்தார். அவ்வியக்கத்தைத் தொடக்கியவர்களுள் ஒருவர் நடேசன்.

வாசகரே, சற்று நின்று யோசியுங்கள். 1971இல் ஒரு தமிழர் எப்படிப் பேசியிருக்கக்கூடும்? "இது சிங்களவர் தங்களுக்குள் போடும் சண்டை. நமக்கு இருக்கிற துன்பங்களே போதும். மொழி போயிற்று, உத்தியோகம் போகிறது. 1958இல் நம்மை அடித்தபோது இவர்கள் எங்கே இருந்தார்கள்?" இப்படிப் பேசியிருந்தால் அது மனித இயல்பே. நாமும் இப்படித்தான் பேசுகிறோம். நடேசன் அப்படி ஒதுங்கி நிற்கவில்லை. தம் இனத்தவரல்லாத, தாம் ஏற்காத வழியில் சென்ற இளைஞர்களுக்கும் சட்டத்தின் காவல் உண்டு என்று சொன்னவர்களோடு அவர் நின்றார்.

ஒரு விதிவிலக்கின் கதை

இது வெறும் பெருந்தன்மையா? அன்று. இதில் நெடுநோக்கு ஒன்றும் உண்டு. அதை விளங்கிக்கொள்ளச் சட்டத்தின் ஒரு சிறு பகுதியைத் தெரிந்துகொள்வது நல்லது.

நம் நாட்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டுக்குரியது. பொலிஸ் உத்தியோகத்தரிடம் ஒருவன் "நான்தான் செய்தேன்" என்று சொன்னதாகக் கூறப்படும் ஒப்புதலை, அவனுக்கு எதிரான சாட்சியமாக நீதிமன்றம் ஏற்கலாகாது என்பது அதன் பொது விதி. காரணம் எளிது. பூட்டிய அறைக்குள் என்ன நடந்தது என்பதை வெளியில் இருப்பவர் அறிய முடியாது. அடித்தால் ஆடும் பேசும். வலி தாங்காதவன் செய்யாததையும் செய்தேன் என்பான்.

1972ஆம் ஆண்டு குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம் வந்தது. 1971 கிளர்ச்சிக்காரர்களை விசாரிப்பதற்கென வழக்கமான நீதிமன்றங்களுக்குப் புறம்பாக ஆணைக்குழுக்கள் அமைந்தன. பொலிசாரிடம் கொடுத்த ஒப்புதல்களும் அங்கே சாட்சியமாகலாம் என்றாயிற்று. "இது அசாதாரண காலம், இவர்கள் அசாதாரணக் குற்றவாளிகள், ஆகவே இவர்களுக்கு மட்டும்" என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். சிவில் உரிமைகள் இயக்கம் அதை எதிர்த்தது. அந்தச் சட்டம் 1977இல் நீக்கப்பட்டது.

சட்டம் போயிற்று, பழக்கம் போகவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1979இல், பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திலோ அதற்கு மேலோ உள்ள ஒருவரிடம் கொடுத்த ஒப்புதல் மீண்டும் சாட்சியமாயிற்று. அது பலவந்தத்தினால் பெறப்பட்டது என்று காட்டும் பொறுப்பு, அடிபட்டவனின் தலையிலேயே வைக்கப்பட்டது. குற்றம் சாட்டாமலே பதினெட்டு மாதங்கள் வரை தடுத்துவைக்கவும் வழி பிறந்தது. தற்காலிகமானது என்று சொல்லி வந்த சட்டம் 1982இல் நிரந்தரமாயிற்று. இம்முறை உள்ளே போனவர்கள் தமிழ் இளைஞர்கள்.

அந்தச் சட்டத்தினால் எத்தனை வீடுகள் அழுதன என்பதை யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வெள்ளவத்தையிலும் உள்ள நம் குடும்பங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1983 யூலை 25ஆம், 27ஆம் திகதிகளில் வெலிக்கடைச் சிறையில் ஐம்பத்துமூன்று தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டபோது, அரசின் காவலில் இருந்தவனுக்கே காவல் இல்லை என்பதை உலகம் கண்டது. 1987க்கும் 1989க்கும் இடையில் தெற்கில் மீண்டும் கிளர்ச்சி எழுந்தபோது அவசரகாலச் சட்டமும் இந்தச் சட்டமும் சிங்கள இளைஞர்மீது பாய்ந்தன. 2019க்குப் பின் முஸ்லிம்களின் முறை.

"அவர்களுக்கு மட்டும்" என்று சட்டத்தில் வெட்டிய வழி, அவர்களோடு நின்றுவிடுவதில்லை. முதலில் சிங்களவனின் வீட்டுக்குப் போயிற்று. பிறகு தமிழனின் வீட்டுக்கு வந்தது. பிறகு முஸ்லிமின் வீட்டைத் தேடிப் போயிற்று. 1972இல் அதை எதிர்த்தவர்கள், சிங்கள இளைஞனுக்காக மாத்திரம் பேசவில்லை. 1979இல் பிடிபடவிருந்த தமிழ் இளைஞனுக்காகவும் பேசினார்கள், அவனை இன்னும் அறியாமலே.

தம்மையே பணயம் வைத்த முதியவர்

பிறருக்காகப் பேசுவது எளிது. அதற்கு விலை கொடுப்பதே கடினம் என்பார் உண்டு. நடேசன் அந்தச் சோதனைக்கும் தப்பவில்லை.

1978இல் பாராளுமன்றம் தன் சிறப்புரிமைகள் பற்றிய சட்டத்தைத் திருத்தியது. சபையின் சிறப்புரிமையை மீறியதாகக் கருதப்படுவோரை, பாரதூரமான மீறல்களிலும் பாராளுமன்றமே விசாரித்துத் தண்டிக்கலாம் என்றாயிற்று. அவ்வாண்டிலேயே ஒரு பத்திரிகையின் ஆசிரியர்கள், படத்தின் கீழ் வாசகம் மாறிப் போன ஒரு பிழைக்காகச் சபைக்கு அழைக்கப்பட்டு அபராதம் விதிக்கப்பட்டார்கள். குற்றம் சாட்டுபவரும் விசாரிப்பவரும் தீர்ப்புச் சொல்பவரும் ஒருவரேயானால் அது நீதியாகுமா என்று நடேசன் பத்திரிகையில் கட்டுரைகள் எழுதினார்.

அதற்காக 1980இல் அவர் பெயரிலேயே வழக்கு வந்தது. பாராளுமன்றச் சிறப்புரிமையை மீறினார் என்று சட்டமா அதிபர் அவரை உயர் நீதிமன்றத்தின் முன் நிறுத்தினார். எழுபத்தாறு வயது முதியவர். வாழ்நாளெல்லாம் பிறருக்காக எழுந்து பேசிய மன்றத்தில், இப்போது எதிராளியாக நின்றார். முடிவில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. மக்களுக்குத் தம் பிரதிநிதிகளை விமர்சிக்கும் உரிமை உண்டு என்று எழுதிய மனிதர், அந்த உரிமையைத் தம் சொந்த உடலைக் கொண்டே காத்தார்.

அவர் வாழ்ந்த இறுதி ஆண்டுகளில் நீதிமன்றங்களைச் சுற்றி என்ன காற்று வீசியது என்பதற்கு ஒரு சான்று தருகிறேன். 1982இல் 'பவிதி ஹண்ட', அதாவது துறவியர் குரல் என்ற அமைப்பின் துண்டுப்பிரசுரங்கள் இருபதாயிரத்தைப் பொலிசார் கைப்பற்றினர். அதன் செயலாளரான பௌத்த துறவி உயர் நீதிமன்றம் சென்றார். 1983 பெப்ரவரியில் நீதிமன்றம் அவருடைய கருத்துச் சுதந்திரம் மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்து, பத்தாயிரம் ரூபா நட்டஈடு வழங்கப் பணித்தது. நடந்தது என்ன? குற்றங்காணப்பட்ட பொலிஸ் அத்தியட்சகருக்கு அரசு பதவி உயர்வு கொடுத்தது. நட்டஈட்டையும் அரசே கட்டியது. அதே ஆண்டு யூனில், விவியன் குணவர்த்தன அம்மையாரின் வழக்கில் பொலிசாருக்கு மாறாகத் தீர்ப்பு வந்த சில நாட்களில், நீதியரசர்களின் வீட்டு வாசல்களில் கூட்டம் கூடிக் கூச்சலிட்டது.

இத்தகைய காலத்தில் நீதிமன்றத்தை நம்பி ஒருவர் நடந்தார் என்றால், வெற்றி நிச்சயம் என்று எண்ணி நடந்தார் என்று கொள்ள முடியாது. வென்றாலும் தோற்றாலும் கேட்க வேண்டியதைக் கேட்டே ஆக வேண்டும் என்று நடந்தார். 1986 டிசம்பர் 21ஆம் திகதி நடேசன் மறைந்தார். சட்டத்தின் வழியே மனித உரிமைகளைக் காக்கும் நோக்குடன் கொழும்பில் அமைந்த நடேசன் நிலையம் அவர் பெயரைத் தாங்கியது.

அவருக்குப் பின்வந்த சிலருக்கு அந்த விலை இன்னும் கொடியதாயிற்று. தெற்கில் காணாமற்போன இளைஞர்களுக்காக ஆட்கொணர்வு மனுக்கள் தொடுத்த சிங்களச் சட்டத்தரணிகள் 1988இலும் 1989இலும் கொல்லப்பட்டார்கள். நீலன் திருச்செல்வம் 1999 யூலை 29இல் கொழும்பு வீதியில் தற்கொலைக் குண்டுக்கு இரையானார். பயங்கரவாதத் தடைச் சட்டக் கைதிகளுக்காக வாதாடிய குமார் பொன்னம்பலம் 2000 சனவரி 5இல் வெள்ளவத்தையில் சுட்டுக் கொல்லப்பட்டார். நடராஜா ரவிராஜ் 2006 நவம்பர் 10இல் கொழும்பில் சுடப்பட்டு இறந்தார். இவர்கள் எல்லோருடைய அரசியலும் ஒன்றல்ல. ஒருவர் கருத்தை மற்றவர் கடுமையாக மறுத்ததும் உண்டு. கொன்றவர்களும் ஒரே தரப்பினர் அல்லர். சொல்லால் வாதாடுபவனைச் சொல்லால் வெல்ல மனமில்லாதவர்கள் எல்லாப் பக்கத்திலும் இருந்தார்கள் என்பதையே இது காட்டுகிறது. நம் பக்கத்திலும் இருந்தார்கள் என்பதை நாம் மறைக்கலாகாது.

தீயவனுக்குத் துணைபோவது ஆகாதா?

"எல்லாம் சரி, சுவாமி. ஆனால் உண்மையிலேயே குற்றம் செய்தவன் ஒருவன் சட்டத்தரணியின் திறமையால் தப்பிவிட்டால்?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அப்படி நடப்பதில்லை என்று நான் சொல்லப் போவதில்லை. நடக்கிறது. அது நடக்கும்போது பாதிக்கப்பட்டவர்கள் இரண்டாம் முறை காயப்படுகிறார்கள். பணத்துக்காகப் பொய்ச்சாட்சியைச் சோடித்து, அப்பாவியின்மேல் பழியைத் திருப்பும் சட்டத்தரணியும் உண்டு. அவர் செய்வது பாவம். அதற்கு எந்த உரிமையின் பெயரும் மறைப்பாகாது.

ஆனால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. "இவன் செய்தது சரி" என்று சொல்வது ஒன்று. "இவன்தான் செய்தான் என்பதை முறையாக நிரூபியுங்கள்" என்று கேட்பது வேறொன்று. முன்னது தீமைக்குத் துணை; பின்னது உண்மைக்குத் துணை. நடேசன் போன்றோர் கேட்டது பின்னதையே.

நம் ஆண்டவரைப் பிடிக்க ஆள் அனுப்பிய தலைமைச் சங்கத்தில் நிக்கோதேமு என்ற ஒருவர் இருந்தார். ஒருவன் சொல்வதைக் கேட்காமலும் அவன் செய்ததை அறியாமலும் அவனைத் தீர்ப்பிடுவது நம் சட்டமா என்று அவர் கேட்டார் என யோவான் எழுதியிருக்கிறார். கவனியுங்கள்: அவர் அங்கே "இவர் மெசியா" என்று பிரசங்கம் செய்யவில்லை, தம் விசுவாசத்தை அறிக்கையிடவும் இல்லை. விசாரணையின் முறை என்ன என்று மட்டும் கேட்டார். அது ஒரு சட்டத்தரணியின் கேள்வி. கிடைத்த பதில் என்ன? நீயும் கலிலேயன்தானோ என்ற ஏளனம். இன்றும் அந்தப் பதில் மாறவில்லை. சிங்கள இளைஞனுக்காகப் பேசியவனை "நீயும் சேகுவேராக் கட்சியோ?" என்றார்கள், தமிழனுக்காகப் பேசியவனை "நீயும் புலியோ?" என்றார்கள்; முஸ்லிமுக்காகப் பேசுகிறவனை என்னவென்று சொல்கிறோம் என்பது நமக்கே தெரியும்.

வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் கண்டவை

2007 யூன் 7ஆம் திகதி அதிகாலையை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை வாசிகள் மறந்திருக்க முடியாது. லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிசார் எழுப்பி, மூட்டை கட்டச் சொல்லி, பஸ்களில் ஏற்றினார்கள். வைத்தியத்துக்கு வந்தவர்கள், வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள் என 376 பேர். அவர்கள் செய்த குற்றம் கொழும்பில் இருந்ததே. பஸ்கள் வடக்கையும் கிழக்கையும் நோக்கிப் புறப்பட்டன.

மறுநாளே உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்தை நிறுத்தி இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. மனுவோடு நீதிமன்றம் போனது மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற அமைப்பு. பல இனத்தாரும் சேர்ந்து பணியாற்றும் இடம் அது. தாங்கள் ஒருநாளும் தங்கியிராத லொட்ஜ் அறைகளுக்காக, முகந்தெரியாத மனிதர்களுக்காக, ஒரே நாளில் மனு எழுதி ஓடினார்கள். பின்னர் அரசின் சார்பில் பிரதமரே வருத்தம் தெரிவித்தார். அன்று நம்மவர் யாரும் "தமிழனுக்குப் பரிந்து பேச இவர்கள் யார்?" என்று கேட்கவில்லை. நன்றி சொன்னோம்.

அப்படியானால், 2020 ஏப்ரலில் சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லா அதே பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானபோது நாம் என்ன செய்தோம்? பிற மனிதரின் அடிப்படை உரிமைகளுக்காக வழக்காடியவர் அவர். 2022 பெப்ரவரியில் பிணை கிடைக்கும்வரை ஏறக்குறைய இருபத்திரண்டு மாதங்கள் அடைபட்டிருந்தார். அவர்மீது சொல்லப்பட்டவை மெய்யா பொய்யா என்று தீர்ப்பது என் வேலையும் அல்ல, உங்கள் வேலையும் அல்ல. அது நீதிமன்றத்தின் வேலை. நான் கேட்பது ஒன்றே. நம் பிள்ளைகளைப் பல மாதங்கள், பல ஆண்டுகள் வழக்கில்லாமல் வைத்திருந்தபோது அநியாயம் என்று அழுத நாம், அதே சட்டம் அடுத்த வீட்டுக்குப் போனபோது ஏன் கதவைச் சாத்திக்கொண்டோம்?

கோபம் காரணம். அந்தக் கோபத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். கொச்சிக்கடையிலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும், கொழும்பின் விடுதிகளிலும் சிந்திய இரத்தம் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோருடையது. ஆனால் கோபத்துக்குக் கண் இல்லை. அது குற்றவாளியைத் தேடாது, அகப்பட்டவனைப் பிடிக்கும். அகப்பட்டவனைப் பிடித்துவிட்டோம் என்ற திருப்தியில், உண்மையான பொறுப்பாளி அமைதியாக எழுந்து போய்விடுவான். பாதிக்கப்பட்டவர்களுக்கு இதைவிடப் பெரிய துரோகம் வேறென்ன?

கதவு ஒன்றே

அந்தத் தாயின் கேள்வியில் இரண்டு பாதிகள் இருந்தன. "இவனுக்கு ஏன் பேசுகிறார்கள்?" என்பது ஒன்று. "என் பிள்ளைக்கு யார் பேசினார்கள்?" என்பது மற்றது. இவை ஒன்றுக்கொன்று எதிரானவை என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் இரண்டுக்கும் விடை ஒன்றே.

நம் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை, அரசின் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்ட எவரும் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு முறையிடலாம் என்கிறது. 1982ஆம் ஆண்டுத் துண்டுப்பிரசுரங்களுக்காகப் பௌத்த துறவி அந்தக் கதவைத்தான் தட்டினார். 2007இல் லொட்ஜுகளின் தமிழர்களுக்காகத் தட்டியதும் அதே கதவை. 2019க்குப் பின், பிள்ளைகளைப் பறிகொடுத்தோரும் குருக்களும் சட்டத்தரணிகளும் போய்த் தட்டியதும் அதே கதவைத்தான். முன்கூட்டியே எச்சரிக்கை வந்திருந்தும் தாக்குதலைத் தடுக்காதது எங்கள் உரிமையை மீறிய செயல் என்று அவர்கள் முறையிட்டார்கள். 2023 சனவரி 12ஆம் திகதி ஏழு நீதியரசர்கள் கொண்ட ஆயம் அதை ஏற்றது. முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்றும், அன்றைய பொலிஸ், பாதுகாப்பு, புலனாய்வு உயரதிகாரிகளும் தனித்தனியே செலுத்த வேண்டும் என்றும் கட்டளையிட்டது. நாட்டின் தலைவராக இருந்த ஒருவரைச் சாதாரணக் குடும்பங்கள் பதில் சொல்ல வைத்தன.

இந்தக் கதவு துருப்பிடிக்காமல் இருந்தது எப்படி? நமக்கு அது தேவைப்படாத காலங்களில், நமக்கு ஆகாத மனிதர்களுக்காகவும், நமக்குத் தெரியாத மனிதர்களுக்காகவும் சிலர் அதை ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டுவார் இல்லாத கதவு காலப்போக்கில் சுவராகிவிடும். "என் எதிரிக்கு இது திறக்கக் கூடாது" என்று தாழ்போட்டவன், தன் தேவைக்கு வரும்போது அந்தத் தாழைத் தானே கழற்ற வேண்டியவனாகிறான். அப்போது சாவி வேறொருவன் கையில் இருக்கும்.

ஆகையால், அன்பார்ந்த பெற்றோரே, நடேசன் போன்ற ஒருவரின் பெயரை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். வீட்டில் பத்திரிகையை விரித்து வைத்து, யாரோ கைதானார் என்று வாசிக்கும்போது, "நல்லா வேணும்" என்று சொல்வதற்கு முன் ஒரு கணம் பொறுங்கள். அவன்மீது வழக்கு வைத்தார்களா, அவனுக்காகப் பேச ஒருவர் உண்டா என்று கேளுங்கள். சட்டம் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், காசில்லாதவனின் வழக்கையும் பேர் கெட்டவனின் வழக்கையும் வருடத்தில் ஒன்றாவது எடுக்கும்படி சொல்லுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவதாக ஒன்றுக்கு மேற்பட்ட அரசாங்கங்கள் வாக்களித்திருக்கின்றன. 2022இல் வந்த திருத்தம் தடுத்துவைக்கும் காலத்தைப் பதினெட்டு மாதங்களிலிருந்து பன்னிரண்டாகக் குறைத்தது. பொலிசாரிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியமாகலாம் என்ற விதியை அது நீக்கவில்லை. அந்த வாக்கை நினைவூட்டும் குரல்களுள் நம் குரலும் இருக்கட்டும்.

2023 தீர்ப்பு வந்த பிறகு அந்த வீட்டுக்கு மீண்டும் போனேன். படமும் விளக்கும் அப்படியே இருந்தன. தீர்ப்பின் செய்தியை அவர் ஏற்கெனவே அறிந்திருந்தார். "காசு என்னத்துக்கு, சுவாமி?" என்றார் முதலில். நான் இந்தக் கட்டுரையில் எழுதியவற்றைத்தான், இதைவிடச் சுருக்கமாக அவரிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். என் வாதம் அவரை வென்றுவிட்டது என்று நான் சொல்லத் துணியமாட்டேன். கடைசியில் அவர் சொன்னது இவ்வளவுதான்:

"செஞ்சது யாருன்னு சரியாத் தெரியணும், சுவாமி. பிழையான ஆளைப் புடிச்சு அடைச்சு வெச்சா, அது என்ட புள்ளைக்கு நியாயமாகுமா?"

ஆகாது, தாயே. அதைத்தான் அந்த ஆனைக்கோட்டை மனிதர், உங்களுக்கு முன்பே, உங்களுக்காகவும் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.